மெலிந்து வந்த தாரை

ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஈயத்தை ஆவியாக்குவதற்கென்றே ஒரு சின்ன அடுப்பு வைத்திருக்கிறார்கள். சுமார் 800 டிகிரிக்குச் சூடேறும் அந்த அடுப்பில் ஒரு கிராமுக்கும் குறைவான ஈயத்தை வைத்தால் நாள் கணக்கில் தாங்கும். அதிலிருந்து 2010 நவம்பரில் ஆவியாகக் கிளம்பிய அணுக்களில் ஒன்றின் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதி வழியில் அந்த அணு சிதறிப்போகும். அதற்குள் இருந்த ஒரு குவார்க் மட்டும் மீதி வழியைக் கடக்கும். அந்த மீதி வழி மிக மிகச் சிறியது. ஆனால் இந்தப் பிரபஞ்சம் பிறந்த கணத்தில் பொருள் எப்படி இருந்தது என்பதை நமக்குச் சொல்வது அந்தச் சிறு வழிதான்.

முதலில் அணுவின் பூர்வீகம். இயற்கையில் கிடைக்கும் ஈயம் நான்கு ஐசோடோப்புகளின் கலவை. செர்ன் பயன்படுத்துவது அதிலிருந்து பிரித்துச் செறிவூட்டிய ஈயம்–208. அதில் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள். இந்த இரண்டு எண்ணிக்கையுமே அணுக்கருவுக்குத் தனி உறுதியைத் தருபவை. சூரியன் பிறப்பதற்கு முன்பே வாழ்ந்து முடிந்த ஏதோ ஒரு விண்மீனில் நம்முடைய அணுக்கரு உருவாகியிருக்கலாம். அல்லது பூமிக்குள்ளேயே தோரியம்–232 படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயம்–208 ஆக வந்து நின்றிருக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் தோரியம் இந்த நிமிடமும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள்.

அடுப்பை விட்டு வெளியே வந்ததும் அணுவின் எலெக்ட்ரான்களைக் கழற்றத் தொடங்குகிறார்கள். முதலில் 29 போகும். நேர்கோட்டு முடுக்கியில் கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு மெல்லிய கார்பன் தகட்டைத் துளைத்துப் போகும்போது எண்ணிக்கை 54 ஆகும். அடுத்தடுத்து இரண்டு வட்ட முடுக்கிகள். இரண்டாவதிலிருந்து வெளியேறும் வழியில் மிச்சமிருக்கும் எலெக்ட்ரான்களும் கழன்று, 82 புரோட்டான்களின் மின்னேற்றத்தோடு வெறும் அணுக்கரு மட்டும் நிற்கும். பிறகு மூன்றாவது வட்டம். அங்கே அதன் ஒவ்வொரு புரோட்டானும் நியூட்ரானும் 17,700 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் பெறுகிறது. அதற்கப்புறம்தான் எல்.எச்.சி. என்ற பெரிய வளையம். நம் அணுக்கரு அதில் நுழைந்த 2010-இல், உச்ச ஆற்றல் துகளுக்கு 1.38 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட். ஒளியின் வேகத்துக்கு ஒரு துளிதான் பாக்கி.

வளையத்தின் சுற்றளவு சுமார் 27 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். அந்தச் சாலையில் பாதியைத் தாண்டிய நீளத்தை, பூமிக்கடியில் வளைத்து மூடியதாக நினைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 11,000 தடவைக்கு மேல் அணுக்கரு அதைச் சுற்றிவருகிறது. பாதை பிசகாமல் அதை வளைத்துக்கொண்டே இருக்கும் முதன்மைக் காந்தங்கள் 1,232. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. மைனஸ் 271 டிகிரிக் குளிரில் வேலை செய்பவை.

இந்தக் காந்தங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தரையில் பதித்த ஜாக்கிகள்மேல். லாரி டயர் மாற்றும்போது கொடுக்கும் ஜாக்கியின் வேலையேதான், ஆனால் நுட்பம் வேறு. 35 டன் காந்தத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரு மில்லிமீட்டரில் 20-இல் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக நகர்த்தி நிறுத்த வேண்டும். ஒரு காந்தத்துக்கு மூன்று ஜாக்கி. ஏறத்தாழ 7,000 ஜாக்கிகள் தேவைப்பட்டன. அவற்றை வடிவமைத்தது இந்தூரில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வு மையம். செய்து கொடுத்தவை இந்தூரிலும் பெங்களூரிலும் உள்ள தொழிற்கூடங்கள். தருமபுரி வழியாக ஓடும் நெடுஞ்சாலையிலேயே வடக்கே போனால் வரும் பெங்களூருதான் அது. அந்த வளையத்தைச் சுற்றும் எந்த அணுக்கருவும் நம் ஆட்கள் கடைந்த இரும்புக்கு மேலேதான் சுற்றுகிறது. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

எதிர்த்திசையில் அதே வேகத்தில் இன்னொரு ஈயக் கற்றை ஓடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடங்களில் பெரும்பாலான அணுக்கருக்கள் ஒன்றையொன்று தொடாமல் கடந்து போகும். தொடாமல் உரசிப் போகும்போதுகூட மின்புலத்தின் வீச்சில் சில புரோட்டான்கள் பிய்ந்துபோவதுண்டு. மூன்று புரோட்டான்கள் போனால் ஈயம் தங்கமாகிவிடும். 2015 முதல் 2018 வரை நடந்த மோதல்களில் இப்படி 8,600 கோடி தங்க அணுக்கருக்கள் உண்டானதாக ஆலிஸ் ஆய்வுக் குழு 2025-இல் கணக்குச் சொன்னது. எல்லாம் சேர்த்து எடை 29 பிகோகிராம், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 29 பங்கு. சித்தர்கள் தேடிய இரசவாதம் கைகூடிய இடத்தில் தங்கம் கண்ணுக்கும் தெரியாது, கையிலும் நிற்காது. உருவான கணமே குழாய்ச் சுவரில் மோதி உடைந்துவிடும்.

நம் அணுக்கருவுக்கு வேறு விதி. அது நேருக்கு நேர் மோதியது.

எல்.எச்.சி.யில் ஈய மோதல்கள் முறையாகத் தொடங்கியது 2010 நவம்பர் 8. அந்த வேகத்தில் உருண்டையான அணுக்கரு, நமக்குத் தெரியும் அளவில், ஓடும் திசையில் 1,500 மடங்கு தட்டையாகியிருக்கும். இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்த இடத்தில் புரோட்டானும் இல்லை, நியூட்ரானும் இல்லை. அவற்றுக்குள் எப்போதும் அடைபட்டுக் கிடக்கும் குவார்க்குகளும், அவற்றைப் பிணைத்து வைக்கும் குளுவான்களும் விடுபட்டு ஒரே திரவமாகப் பெருகின. இதன் பெயர் குவார்க்–குளுவான் பிளாஸ்மா. சுமார் 1.8 லட்சம் கோடி டிகிரிக்கு மேல் போனால்தான் பொருள் இந்த நிலைக்கு வரும். அந்த 2010 மோதல்களில் ஆலிஸ் குழு கணித்த வெப்பநிலை 5.5 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரிதான். பெருவெடிப்புக்குப் பின் நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குப் பிரபஞ்சம் முழுவதும் இப்படித்தான் இருந்தது.

இந்தப் பிளாஸ்மாவின் ஆயுளைச் சொன்னால் மலைப்பு வரும். ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி 100 கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் துணுக்குகளில் மூன்று நான்கு. அதன் அகலம் மில்லிமீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு. இவ்வளவு சிறியதை, இவ்வளவு குறைந்த நேரமே இருப்பதை, வெளியிலிருந்து வெப்பமானியை விட்டோ எக்ஸ்ரே எடுத்தோ பார்க்க வழியே கிடையாது. உள்ளேயே பிறந்து, உள்ளே ஓடி, வெளியே வரும் ஏதாவது ஒன்றுதான் சேதி கொண்டுவர வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் நம் குவார்க். பிளாஸ்மா உருவாவதற்கும் முந்திய கணத்தில், எதிரெதிரே வந்த இரு குவார்க்குகள் கிட்டத்தட்ட நேராக முட்டிக்கொண்டன. முட்டியவை ஓடும் திசையிலிருந்து விலகி, பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று நேர் எதிராகத் தெறித்தன. இரண்டுக்கும் ஒரே அளவு உந்தம், பத்தாயிரம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய ஆற்றல். சாதாரணப் புரோட்டான் மோதலில் இப்படித் தெறிக்கும் குவார்க் போகப் போகக் குளுவான்களை உதிர்த்து, பல்கிப் பெருகி, கடைசியில் ஒரே திசையில் பாயும் துகள்களின் கூம்பாக உணர்கருவியில் வந்து விழும். அதைத்தான் தாரை என்கிறோம். எதிரெதிரே இரண்டு தாரைகள், சம பலத்தில். பல்லாண்டுகளாகப் பார்த்துப் பழகிய காட்சி அது.

இங்கே இரட்டையரின் பிறந்த இடம் பிளாஸ்மாவின் ஓரத்தில் அமைந்தது. ஒருவன் இரண்டெட்டில் வெளியே வந்துவிட்டான். நம் கதைநாயகன் திரும்பி நிற்கும் திசையிலோ முழுப் பிளாஸ்மாவும் கிடந்தது.

குவார்க்குக்கு மின்னேற்றம் போலவே இன்னொரு வகை ஏற்றம் உண்டு. இயற்பியலாளர்கள் அதை நிறம் என்பார்கள். பிளாஸ்மாவில் உள்ள ஒவ்வொன்றும் அந்த ஏற்றத்தைத் தாங்கியது. ஆகவே நம் குவார்க் எட்டு வைக்கும் இடமெல்லாம் இடிபடுகிறது. இடிபடுவதால் நேரடியாகக் கொஞ்சம் ஆற்றல் போகும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு வழியில் நேர்கிறது. ஒவ்வோர் இடியும் குவார்க்கைச் சூழ்ந்துள்ள குளுவான்களை உலுக்கி விடுகிறது. உலுங்கிய குளுவான் முழுமையாகப் பிரிந்து போவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் அடுத்த இடி, அதற்கடுத்த இடி என்று விழுந்துவிடும். பல இடிகள் சேர்ந்து ஒரே உலுக்கலாகின்றன. இதன் விளைவு கணக்கில் விசித்திரமாக வரும். பாதை இரு மடங்கு நீண்டால், எளிய நிலையில் இழப்பு நான்கு மடங்காகும். 1990-களில் கியுலாஸி, வாங் இருவரும், பின்னர் பயர், தோக்ஷிட்சர், முல்லர், பெய்னே, ஷிஃப் ஐவரும் போட்ட கணக்கு இது.

இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் அமெரிக்கர் ஜேம்ஸ் பியோர்கன். 1982-இல், இப்படி ஒரு பிளாஸ்மாவை யாரும் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்குவதற்கு வெகுகாலம் முன்பே, ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் ஒரு முன்வரைவு எழுதினார். சூடான பொருளின் ஓரத்தில் பிறக்கும் தாரைகளில் ஒன்று தப்பிவரும், மற்றது உள்ளேயே அமிழ்ந்துபோகும் என்றார் அதில். அந்தக் கட்டுரை எந்த ஆய்விதழிலும் அச்சாகவில்லை. இன்றைக்கும் இந்தத் துறையில் யார் எழுதினாலும் அந்த முன்வரைவைக் குறிப்பிடாமல் நகர மாட்டார்கள். 2024 ஆகஸ்டில் அவர் காலமானபோது, தாம் சொன்னது கண்முன் நடந்ததைப் பார்த்த நிறைவோடுதான் போயிருப்பார்.

முதலில் அது தெரிந்தது நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில். அங்கே 2000-இல் இயங்கத் தொடங்கிய ரிக் மோதுவியில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டபோது, உயர் உந்தத் துகள்கள் எதிர்பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்தன. ஒரு பக்கத்துத் தாரைக்கு எதிரே இருக்க வேண்டிய துகள் கூட்டம் காணாமலே போனது. ஆனால் உடனே வெற்றி முழக்கம் இடவில்லை. தங்க அணுக்கருவுக்குள்ளேயே குவார்க், குளுவான் இருப்பு குறைவாக இருந்தால்? மோதலுக்கு முன்பே குறை இருந்திருந்தால்? அதைச் சோதிக்க 2003-இல் தங்கத்தோடு தங்கத்தை மோதாமல், ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே உள்ள டியூட்ரானை மோதவிட்டார்கள். அதே தங்கம், ஆனால் பரந்த சூடான பிளாஸ்மா கிடையாது. தாரைகள் இரண்டும் முழுசாக வந்தன. ஆகக் குற்றவாளி பிளாஸ்மாதான் என்று உறுதியாயிற்று. இந்தத் துறையின் ஆகச்சிறந்த சோதனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பெரிய கண்டுபிடிப்பு கையில் இருக்கும்போது, அதைத் தாங்களே கவிழ்க்கக்கூடிய சோதனையைத் தேடிப்போய்ச் செய்தார்கள்.

ரிக்கில் தாரைகளை முழு உருவில் பார்ப்பது சிரமமாக இருந்தது. எல்.எச்.சி.யின் ஆற்றலில் அந்தத் தடை நீங்கியது. ஈய மோதல்கள் தொடங்கி மூன்று வாரம் முடிவதற்குள், நவம்பர் 25 அன்று, அட்லஸ் குழு தன் கட்டுரையை அனுப்பிவிட்டது. அதில் உள்ள படம் ஒன்று எல்லோரையும் கட்டிப்போட்டது. உணர்கருவியின் உருளைப் பரப்பை விரித்துத் தட்டையாக்கி, எங்கே எவ்வளவு ஆற்றல் விழுந்தது என்பதைக் கம்பங்களாக நிறுத்தியிருப்பார்கள். ஓரிடத்தில் ஒற்றைக் கோபுரம்போல உயர்ந்து நிற்கும் தாரை. அதற்கு நேர் எதிரே இன்னொரு கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் பரவலாகச் சிறு சிறு மேடுகள். பியோர்கன் 28 ஆண்டுகளுக்கு முன் எழுதியது ஒரே படமாக அச்சில் வந்துவிட்டது. சி.எம்.எஸ். குழுவும் அடுத்த சில மாதங்களில் அதையே கண்டு உறுதிசெய்தது.

போன ஆற்றல் எங்கே போனது என்ற கேள்விக்கு 2011-இல் சி.எம்.எஸ். குழுவிடமிருந்து முதல் பதில் வந்தது. மெலிந்த தாரையின் பக்கத்தில், கூம்புக்கு வெகு தள்ளி, உந்தம் குறைந்த துகள்கள் ஏராளமாகச் சிதறிக் கிடந்தன. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிறது. குவார்க் இழந்ததைப் பிளாஸ்மா வாங்கிக்கொண்டு தனக்குள் பரப்பிவிட்டது. பாகுத்தன்மை மிகக் குறைந்த திரவமாகப் பிளாஸ்மா ஓடுகிறது என்று 2005-இல் ரிக் குழுக்கள் அறிவித்ததோடு இதை வைத்துப் பார்த்தால் அடுத்த கேள்வி தானாக எழும். திரவத்தைக் கிழித்து ஓடினால் அலை எழ வேண்டுமே? ஒகேனக்கலில் பரிசல் வேகமாகப் போகும்போது முன்னே தண்ணீர் மேடிடுவதும் பின்னே பள்ளம் விழுவதும் பரிசலில் போன எல்லோருக்கும் தெரியும். நம் குவார்க்கும் தன் முன்னே பிளாஸ்மாவைத் தள்ளிக்கொண்டு, பின்னே ஒரு குறைவை விட்டுப் போயிருக்க வேண்டும்.

அதைக் காண்பதில் சிக்கல் என்னவென்றால், எதிரே ஓடும் இரட்டையனும் தன் பங்குக்கு அலை எழுப்புவான். இருவர் அலையும் கலந்து குழம்பிவிடும். இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. அபூர்வமாகச் சில மோதல்களில், குவார்க்குக்கு எதிரே இன்னொரு குவார்க்குக்குப் பதில் ஒரு ஃபோட்டானோ இசட் போசானோ தெறிக்கும். இவற்றுக்கு நிற ஏற்றம் கிடையாது. பிளாஸ்மா வழிமறிக்காது. பிறந்தபோது இருந்த உந்தத்தோடு அப்படியே வெளியே வரும். அதை அளந்தால், எதிரே போன குவார்க் புறப்பட்டபோது எவ்வளவு வைத்திருந்தது என்பது தெரிந்துவிடும். வந்து சேர்ந்ததை அளந்தால் இழப்பும் தெரிந்துவிடும். ஃபோட்டான் பக்கத்தில் அலையும் எழாது. இசட் போசான்களை வைத்து சி.எம்.எஸ். குழு அண்மையில் இந்தச் சோதனையைச் செய்தது. இசட் போன பக்கத்தில், அதாவது குவார்க்கின் முதுகுப்புறத்தில், துகள்கள் குறைந்திருந்தன. பின்னே விழுந்த பள்ளத்துக்கு அது நல்ல சான்று.

ஃபோட்டான் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதைச் சொன்னவர்களில் ஒருவர் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தின் தினேஷ் ஸ்ரீவஸ்தவா. பிளாஸ்மாவைக் கடக்கும் தாரையே அங்குள்ள குவார்க்குகளோடு சேர்ந்து புதிதாக உயர் ஆற்றல் ஃபோட்டான்களைப் பிறப்பிக்கும் என்று 2003-இல் ஃப்ரீஸ், முல்லர் இருவரோடு சேர்ந்து கணித்துக் காட்டினார். கனமான குவார்க்குகள் எவ்வளவு குளுவான்களை உதிர்க்கும் என்பதை 1998-இலேயே அவரும் முன்ஷி கோலம் முஸ்தபா, தீபாலி பால், தோமா ஆகியோரும் கணக்கிட்டிருந்தார்கள். பிளாஸ்மா பற்றிய ஆராய்ச்சியில் கொல்கத்தாவுக்கு உள்ள இடம் தமிழ் வாசகர்களிடம் போதிய அளவு வந்து சேரவில்லை. எம்.ஐ.டி.யில் பணியாற்றும் கிருஷ்ண ராஜகோபாலின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். 2006-இல் ஹாங் லியு, வீடமன் இருவரோடு சேர்ந்து, சர இயற்பியலில் பிறந்த கணித உறவு ஒன்றைக் கொண்டு தாரையின் இழப்பைக் கணித்தவர் அவர். வழக்கமான முறைகள் திணறும் இடத்தில் அந்தக் கணக்கு கைகொடுக்கிறது.

நம் குவார்க்கை நட்டாற்றில் விட்டுவிட்டேன். பிளாஸ்மா விரிந்து ஆறியதும் எல்லாக் குவார்க்குகளும் மறுபடி பையான், கேயான், புரோட்டான் என்று கூடுகட்டி அடைந்துகொண்டன. நம் குவார்க்கும் தனியாக வெளியே வர முடியாது. தன்னிடம் மிஞ்சியதைக் கொண்டு சில துகள்களாகக் கூடி, சி.எம்.எஸ். உணர்கருவியின் சிலிக்கான் அடுக்குகளைத் துளைத்து, ஆற்றல்மானிகளில் விழுந்து அடங்கிற்று. கூடவே ஆயிரக்கணக்கான பிற துகள்கள். அந்தக் கூட்டத்தில் எது தாரை, எது பிளாஸ்மாவின் பின்னணி என்று பிரித்தெடுக்க, கச்சியாரி, சலாம், சோயேஸ் மூவரும் 2008-இல் வகுத்த நெறிமுறை உதவுகிறது. அதன்பின் அந்த மோதல் ஒரு கோப்பில் பதிந்த எண்களின் வரிசையாயிற்று.

அந்தக் கோப்புகள் பூட்டிய அறையில் இல்லை. சி.எம்.எஸ். குழு 2010, 2011 ஆண்டுகளின் ஈய மோதல் தரவுகளை 2020 டிசம்பரில் செர்ன் திறந்த தரவுத் தளத்தில் எல்லோருக்குமாக வெளியிட்டுவிட்டது. கட்டணம் கிடையாது. பள்ளி மாணவர்களுக்கென்று ஆலிஸ் குழு ஒரே நாளில் செய்து முடிக்கும் பயிற்சி ஒன்றை வைத்திருக்கிறது. புரோட்டான் மோதலில் வந்த துகள்களையும் ஈய மோதலில் வந்தவற்றையும் எண்ணி, வகுத்து, எவ்வளவு குறைந்தது என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். இந்தக் குறைவைப் பற்றிய ஆலிஸ் குழுவின் முதல் கட்டுரையில், குறைவு மிக அதிகமாக இருந்த இடத்தில் வந்த விடை, ஏழில் ஒரு பங்கு. இதற்குத் தேவை ஒரு கணினி, பிளஸ் டூ அளவு கணிதம், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர்.

இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. சென்னை ஐ.ஐ.டி. சி.எம்.எஸ். குழுவில் இருக்கிறது. தருமபுரி அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர்களையும், பென்னாகரம், அரூர்ப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வருகிற கல்வியாண்டில் ஒரு சனிக்கிழமையை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பயிற்சிக்கான கோப்புகள் இணையத்தில் இருக்கின்றன, இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம்.